மூன்று கேன் தண்ணீர்

மகளைத் தனியாக அனுப்ப மனம் வராமல்தான் மீரான் மைதீன் அந்தப் பயணத்துக்குக் கிளம்பினார்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஜூன் மாதம். டெக்ஸாஸில், டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் அவருக்கு சாஃப்ட்வேர் வேலை. சொந்த ஊர் மேலப்பாளையம். மகள் தஹ்ஸீனுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும், அவளுடைய சமூகவியல் டீச்சர் மிஸ் ட்ரெவினோ பதினொரு பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு மெக்ஸிகோ எல்லையோரப் பாலைவனத்துக்கு ஐந்து நாள் போவதாக ஏற்பாடு. எல்லையாக ஓடும் ஆற்றை அனுமதியில்லாமல் தாண்டி வருகிற மனிதர்களைப் பற்றியும், அவர்கள் நடந்து வருகிற மண்ணைப் பற்றியும் பிள்ளைகள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த டீச்சரின் ஆசை.

"அஞ்சு நாளு பசங்களோட ஒரே வேன்ல அனுப்பிட்டு நான் இங்க நிம்மதியா தூங்கணுமாக்கும்? சைன் பண்ண மாட்டேன்" என்று அவர் மனைவி நஜீமா பள்ளியின் அனுமதிப் படிவத்தை அப்படியே மேஜையில் தள்ளிவிட்டாள். படிவத்தின் அடியில், கூட வர விரும்பும் பெற்றோருக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. மீரான் மைதீன் அதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். தஹ்ஸீன் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து மணி நேரம் வேனில் போய் பிரெஸிடியோ என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் தங்கினார்கள். வேலையாட்களுக்காகக் கட்டிய நீளமான கொட்டகையில் வரிசையாகக் கட்டில்கள். வெளியே வந்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் கல், முள், வெயில். காலை ஒன்பது மணிக்கே தொண்ணூற்றைந்து டிகிரி காட்டியது.

முதல் நாள் ஆற்றங்கரை. இரண்டாம் நாள் ஊருக்குள் ஒரு தேவாலயத்தின் கூடத்தில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தே இந்தப் பக்கம் வந்த ஓர் அம்மாள் பிள்ளைகளிடம் பேசினாள். மிஸ் ட்ரெவினோ ஸ்பானிஷிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றிச் சொன்னாள். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்த மீரான் மைதீன், யாரும் கேட்காமலே கையைத் தூக்கினார்.

"நீங்க ஏன் முறைப்படி விண்ணப்பம் போட்டு வரல?"

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். "எங்க ஊரில் அந்த விண்ணப்பத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை ஐயா" என்று அதை மாற்றிச் சொன்னாள் மிஸ் ட்ரெவினோ. பிள்ளைகள் சிரித்தார்கள். தஹ்ஸீன் குனிந்தபடி நோட்டில் கோடு மேல் கோடாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவர் மகளிடம் சமாதானம் சொன்னார். "நான் கேட்டதுல என்னம்மா தப்பு? ஸ்டூடன்ட் விசா, எச்-ஒன், கிரீன் கார்டு, மெடிக்கல், ஃபிங்கர்பிரின்ட். பதினோரு வருஷம். நாம க்யூல நின்னுதான வந்தோம்?"

"வாப்பா, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் குப்பை பொறுக்கும் வேலை. பண்ணையின் தெற்கு மூலையில் ஒரு வறண்ட ஓடை. ஆற்றைத் தாண்டி வருகிறவர்கள் அதில்தான் வடக்கே நடப்பார்கள். அவர்கள் விட்டுப்போகும் பை, துணி, டப்பா, பிளாஸ்டிக் எல்லாம் முள்ளில் சிக்கிக் கிடக்கும். மாடுகள் தின்று செத்திருக்கின்றன. பிள்ளைகள் மூன்று அணியாகப் பிரிந்து பொறுக்க வேண்டும். மாலையில் எந்த அணி எவ்வளவு பொறுக்கியது, என்னென்ன பொறுக்கியது என்று வகை பிரித்துக் கணக்கெடுத்துப் பேச வேண்டும். ஓர் அணிக்கு மீரான் மைதீன் பொறுப்பு. அதில் தஹ்ஸீன், அவளுடைய தோழி கெய்லா, இன்னும் இரண்டு பேர்.

அவருக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. இதில் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் வேகவேகமாக நடந்தார். பத்து மணிக்குள் ஐந்து பை நிறைந்துவிட்டது. ஓடை வளைகிற இடத்தில் ஒரு மெஸ்கீட் மரம் நின்றது. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நம் பக்கத்துச் சீமைக்கருவேலத்தின் பங்காளி. அதன் அடியில், கிளை தரையைத் தொடுகிற நிழலில், மூன்று பிளாஸ்டிக் கேன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கேலன். பழைய ஜீன்ஸ் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. மேலே இரண்டு கல் வைத்திருந்தது.

கெய்லா ஒன்றைத் தூக்கப் பார்த்தாள். "ஃபுல்லா இருக்கு" என்றாள்.

மீரான் மைதீன் மூடியைத் திருகி மோந்து பார்த்தார். வாடை எதுவும் இல்லை. சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருந்தது.

"வாப்பா, அது யாருக்கோ வச்சது மாதிரி இருக்கே" என்றாள் தஹ்ஸீன் இங்கிலீஷில்.

யாருக்கோ வைத்ததுதான். அது அவருக்கு அந்த நொடியே தெரிந்தது. பிற்பாடு எத்தனையோ முறை அந்த நொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஓட்டைகூடக் கிடைக்கவில்லை. குப்பையில் எறியப்பட்ட கேனுக்கு யாரும் துணி சுற்றிக் கயிறு கட்டிக் கல் வைக்க மாட்டார்கள். தெரிந்தும், தேவாலயக் கூடத்தில் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. ஆற்றைத் தாண்டி வருகிறவர்களுக்கு இப்படித் தண்ணீர் வைத்துக் கூப்பிட்டால் ஏன் வரமாட்டார்கள் என்று ஒரு கோபம் வந்தது.

"பழைய தண்ணிம்மா. கொசு வரும். வெயிட்டோட தூக்கிட்டுப் போகவும் முடியாது" என்று சொல்லிக் கேனைக் கவிழ்த்தார்.

குளக் குளக்கென்று கொட்டியது. மணல் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. தொழுகைக்கு ஒளூ செய்யும்போதுகூட ஒரு கையைக் கழுவி அடுத்த கைக்குப் போவதற்குள் குழாயை மூடுகிற மனிதர் அவர். காலிக் கேன்களை ஷூ காலால் மிதித்துத் தட்டையாக்கிப் பையில் போட்டார். தஹ்ஸீன் அந்த ஈர மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாலை ஆறு மணிக்குப் பைகளைப் பண்ணை வீட்டு முற்றத்தில் கொட்டி வகை பிரித்தார்கள். மேற்கு டெக்ஸாஸில் ஜூன் மாதம் பொழுது சாய ஒன்பது மணியாகும். வெயில் இன்னும் தணியவில்லை. எராஸ்மோ என்ற அறுபது வயதுப் பண்ணையாள் குதிரைகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு அந்தப் பக்கமாக வந்தார். குவியலில் ஜீன்ஸ் துணி சுற்றிய தட்டைக் கேன்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒன்றைக் கையில் எடுத்தார். மிஸ் ட்ரெவினோவிடம் ஸ்பானிஷில் மெதுவாகக் கேட்டார்.

அவள் பிள்ளைகளிடம் திரும்பினாள். "இந்தக் கேன்களை வைத்தது எராஸ்மோதான். போன கோடையில் அந்த ஓடையில் ஒருவர் தாகத்தில் இறந்து கிடந்தாராம். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைக்கிறார். இவை கிடைக்கும்போது எப்படி இருந்தன என்று கேட்கிறார். தண்ணீர் இருந்ததா, காலியா?"

இன்று செவ்வாய். எல்லோரும் மீரான் மைதீனைப் பார்த்தார்கள். அணித் தலைவர் அவர்தானே.

"காலி" என்றார்.

கெய்லா புருவத்தைச் சுருக்கினாள். "இல்லையே, அதில..."

"காலியாத்தான் இருந்தது" என்றாள் தஹ்ஸீன். தோழியின் முகத்தைப் பார்க்காமல், அவரையும் பார்க்காமல், நேராக எராஸ்மோவைப் பார்த்துச் சொன்னாள். "மூணும் காலி."

எராஸ்மோவின் முகம் மலர்ந்தது. வானத்தைப் பார்த்து நெஞ்சில் சிலுவைக் குறி போட்டார். "யாரோ குடித்திருக்கிறார்கள், கடவுளுக்கு நன்றி என்கிறார்" என்றாள் மிஸ் ட்ரெவினோ. "வெள்ளிக்கிழமை மறுபடி வைப்பாராம்." எராஸ்மோ கேனைத் திரும்பக் குவியலில் போட்டுவிட்டு, விசில் அடித்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் போனார்.

மகள் பொய் சொல்லி மீரான் மைதீன் அதுவரை கேட்டதில்லை. சிறு வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்தால்கூட ஓடி வந்து தானே சொல்கிற பிள்ளை. இப்போது ஒரு கண் சிமிட்டல்கூட இல்லாமல், யாரும் சொல்லித் தராமல், அவருக்காகச் சொன்னாள். அவள் அடுத்த குவியலுக்குப் போய் டப்பாக்களை எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கை தப்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவர் பக்கத்தில் போனார்.

"தஹ்ஸீன்."

"எல்லாரும் உங்கள அப்படிப் பார்த்தாங்க, வாப்பா" என்றாள் அவள். அபூர்வமாகத் தமிழில் சொன்னாள். "எனக்கு அது பிடிக்கல."

அவமானம் என்ற சொல்லை மீரான் மைதீன் அதுவரை மற்றவர்களோடு சேர்த்தே அறிந்திருந்தார். யாராவது நம்மைப் பார்த்துச் சிரித்தால், யாராவது நம்மை விட்டுவிட்டுப் பேசினால் வருவது. அங்கே யாரும் சிரிக்கவில்லை, அணிப் பிள்ளைகளைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனாலும் காது மடல் சுட்டது. நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

அவர் மிஸ் ட்ரெவினோவிடம் போனார். "நான் எராஸ்மோகிட்டப் பேசணும். நீங்க வரணும்" என்றார். கொட்டகைக்கு அவளை முந்திக்கொண்டு நடந்தார். பிறகு சொல்லிவிட்டார். தண்ணீர் நிறைய இருந்தது, யாருக்கோ வைத்தது என்று தெரிந்தும் கொட்டினேன், காலி என்று சொன்னது பொய்.

மிஸ் ட்ரெவினோ அவர் முகத்தைப் பார்க்காமலே மாற்றிச் சொன்னாள். எராஸ்மோ விசிலை நிறுத்தினார். திட்டவில்லை. சூரியன் எங்கே நிற்கிறது என்று திரும்பிப் பார்த்தார். "எத்தனை மணிக்குக் கொட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். "காலை பத்து" என்றதும் ஆறு கேன்களைக் குழாயடியில் நிரப்பிப் பிக்கப் வண்டியில் ஏற்றினார். மீரான் மைதீனைப் பார்த்துக் கையைக் காட்டினார், ஏறு என்று. மிஸ் ட்ரெவினோ பிள்ளைகளோடு நின்றுவிட்டாள்.

ஓடை வளைவுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. மெஸ்கீட் மரத்தடியில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவருக்கு நாற்பது வயது இருக்கும். மல்லாந்து கிடந்தார். அவருடைய சட்டையைக் கழற்றி முகத்துக்கு நிழலாகக் கிளையில் கட்டியிருந்தது. இன்னொருவன் இளைஞன், முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் மணலில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. காலையில் தண்ணீர் கொட்டிய அதே இடம். ஈரம் தெரிந்து கையாலேயே தோண்டியிருக்கிறான். நகக்கண்ணெல்லாம் ரத்தம்.

எராஸ்மோ ஓடிப்போய்ப் பெரியவரின் தலையைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டை நனைத்தார். ஸ்பானிஷில் ஏதேதோ கேட்டார். பெரியவர் சம்பந்தமில்லாமல் முனகினார். தோல் வியர்வையே இல்லாமல் காய்ந்து கொதித்தது. இருவரும் அண்ணன் தம்பி என்றும், மூன்று நாளாக நடக்கிறார்கள் என்றும், அந்த மரத்தடியில் தண்ணீர் இருக்கும் என்று முன்னால் வந்தவர்கள் சொல்லியிருந்ததால் கையிலிருந்ததை மதியமே குடித்து முடித்துவிட்டார்கள் என்றும் எராஸ்மோ தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் துண்டு துண்டாகச் சொன்னார்.

"அவன்கிட்டச் சொல்லுங்க" என்றார் மீரான் மைதீன். "நான்தான் கொட்டினேன்னு சொல்லுங்க."

எராஸ்மோ தலையை ஆட்டினார். "நோ. யூ ஸே."

மீரான் மைதீனுக்கு ஸ்பானிஷில் நன்றி என்ற சொல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. தம்பிக்காரன் முன்னால் போய்க் குந்தினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மணலில் இருந்த குழியைக் காட்டினார். கையிலிருந்த கேனைக் கவிழ்ப்பதுபோல் சாய்த்துக் காட்டினார். "நான்தான்ப்பா. காலையில நான்தான் கொட்டினேன்" என்று தமிழிலேயே சொன்னார்.

அவன் அந்தச் சாடையை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். புரிந்ததுபோல் தலையை அசைத்தான். பிறகு தலையைக் குனிந்து அவர் முன்னால் நீட்டினான். தலையில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று இவர் சொல்வதாக நினைத்துவிட்டான்.

மீரான் மைதீன் ஊற்றினார். வேறென்ன செய்வது? தூசி படிந்த முடியிலிருந்து தண்ணீர் கறுப்பாக வழிந்து கழுத்தில் இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விட்டான். பிறகு அவருடைய கையைப் பிடித்து, ரத்தம் காய்ந்த விரல்களால் இரண்டு தரம் அழுத்தி, ஏதோ சொன்னான்.

"கடவுள் உனக்குக் கொடுப்பார் என்கிறான்" என்றார் எராஸ்மோ. அதை மட்டும் தடுமாறாமல் இங்கிலீஷில் சொன்னார்.

பெரியவருக்குத் தண்ணீர் மட்டும் போதாது என்று தெரிந்துவிட்டது. எராஸ்மோ வண்டியின் ரேடியோவில் பண்ணை வீட்டைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே எல்லைக் காவல் வண்டியும் வரும். அதைத் தம்பியிடம் சொல்லி, வடக்கே கையைக் காட்டி, இரண்டு கேனை அவன் பக்கம் நகர்த்தினார். போய்விடு என்று சொல்கிறார் என்பது மீரான் மைதீனுக்குப் புரிந்தது. அவன் வடக்கே பார்த்தான். பிறகு அண்ணனுடைய செருப்பைக் கழற்றி, வெடித்த பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு வண்டியும் வந்தன. ஆம்புலன்ஸ்காரர்கள் பெரியவர் கையில் ஊசி குத்திப் பாட்டிலை மாட்டினார்கள், பிழைத்துக்கொள்வார் என்றார்கள். பச்சைச் சட்டை போட்ட அதிகாரி தம்பியின் கையில் பிளாஸ்டிக் விலங்கு போட்டார். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். பிறகு மீரான் மைதீனிடம் திரும்பி, "நீங்கள்?" என்றார்.

"யுஎஸ் சிட்டிசன்" என்றார் அவர். போன வருஷம் ஒரு பெரிய அரங்கத்தில் கையை உயர்த்திச் சத்தியம் செய்து வாங்கிய குடியுரிமை. அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். இப்போது அந்தச் சொல் வாயிலிருந்து வரும்போது தலை தானாகக் குனிந்தது. அதிகாரி நன்றி சொன்னார், இவர்களைக் கண்டுபிடித்ததற்கு. வண்டிக் கதவு சாத்தும் முன் தம்பிக்காரன் இவரைப் பார்த்து மறுபடி தலையசைத்தான்.

அந்தத் தண்ணீர் அங்கேயே இருந்திருந்தால் அவர்கள் குடித்துவிட்டு இந்நேரம் வடக்கே நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் வந்தது சரியா தவறா என்று மீரான் மைதீனுக்கு அப்போதும் ஒரு கருத்து இருந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தபோது அவர் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். மிஸ் ட்ரெவினோ கேட்டுச் சொல்லவில்லை, தானாகத்தான் சொன்னார். முடித்ததும் கெய்லா, "அது யாருக்கோ வச்சதுன்னு உங்களுக்குத் தெரியாதுதானே, மிஸ்டர் மைதீன்" என்றாள் கனிவாக.

"தெரியும்" என்றார் அவர். "தஹ்ஸீன் சொன்னா. எனக்கும் தெரியும். நான் பொய் சொன்னேன், அதனாலதான் அவளும் சொன்னா. அவ மேல தப்பு இல்ல."

யாரும் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. தஹ்ஸீன் எழுந்து வெளியே போய்விட்டாள். அவளைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. அவளுடைய பொய்யை அத்தனை பேர் முன்னால் அவிழ்த்துப் போட்டுவிட்டாரே. அதையும் சரியாகச் செய்யத் தெரியவில்லை.

திரும்பி வரும் பத்து மணி நேரமும் அவள் கெய்லா பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பீகோஸ் என்ற ஊரைத் தாண்டி ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தியபோது அவரிடம் வந்தாள். "அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"காலையில ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணேன். பேர் தெரியாம எதுவும் சொல்ல மாட்டோம்னுட்டாங்க."

"பேர் கேக்கலையா நீங்க?"

கேட்கவில்லை. ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்தும் அவர் கேட்கவில்லை. தஹ்ஸீன் திரும்பிப் போய் வேனில் ஏறினாள்.

வீட்டில் நஜீமா இடியாப்பம் அவித்து வைத்திருந்தாள். மீரான் மைதீன் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, சாப்பிடும் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். கேன், பொய், குழி, விலங்கு வரைக்கும். நஜீமா கரண்டியைப் பிடித்தபடி கேட்டாள்.

"அல்லாஹ் காப்பாத்தினான். உயிருக்கு ஒண்ணும் ஆகலல்ல? அதப் போயி இனி வெளிய யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க" என்றாள். "ஒண்ணும் ஆகல. விடுங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது. தட்டை இழுத்தார்.

எதிரில் உட்கார்ந்திருந்த தஹ்ஸீன் தலையைத் தூக்கினாள். "ஆச்சு உம்மா" என்றாள் தமிழில். "ஒண்ணும் ஆகலன்னு சொல்லாதீங்க. ஆச்சு."

நஜீமா அவளை அதட்ட வாயெடுத்தாள். மீரான் மைதீன் கையைக் காட்டித் தடுத்தார்.

"அவ சொல்றதுதான் சரி" என்றார்.

தஹ்ஸீன் அவரைப் பார்த்தாள். கோபம் போயிருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஐந்து நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளாமல் இருக்க முயன்றார்.